பின்தங்குபவரின் வேகம்

ஒரகடத்துத் தொழிற்சாலைச் சுவர்களைக் கடந்து, ஏரிக்கரைகள் வழியே வடக்குப்பட்டுக்கு நண்பர்களோடு நாம் நாள் முழுதும் மிதிவண்டியில் செல்கையில் ஒரு வினா எழுகிறது: முந்திச் செல்ல வல்லவர் பின்தங்குபவருக்காகக் காத்திருத்தல் கருணையா, கடமையா?

1904இல் பிரான்சில் தோன்றிய 'ஆடாக்ஸ்' நெடும்பயண முறையில் அனைவரும் ஒரே வேகத்தில் ஒன்றாகவே செல்லல் வேண்டும். 1921இல் பாரிஸ் கழகத்தார் பிரிந்து, அவரவர் வேகமே நெறி என்றனர். இன்று நம் நாட்டில் 200 கிலோமீட்டரை 13½ மணியில் முடிக்கும் பயணங்களும் அவ்வழியினவே. அதில் தவறில்லை, அங்கே ஒவ்வொருவரும் தாமே வந்தவர். 'வா' என்று அழைத்தவருக்கோ அந்த விடுதலை இல்லை. (அழைப்பது எத்துணை எளிது!) நிழலற்ற பாதையில் தண்ணீர் தீர்ந்து நிற்பவர் நம்பியிருப்பது நம் கால்வலிமையை அன்று, நம் சொல்லை.

2022இல் இவ்வூரில் அகழ்ந்த தொல்லியல் துறையினர், 12,000 ஆண்டுப் பழமையினவாகக் கருதப்படும் கற்கருவிகளைக் கண்டனர். அவற்றைச் செய்தோர் நடந்தே திரிந்தவர்கள். கைக்குழந்தையைச் சுமந்தவளின் நடையே அக்கூட்டத்தின் நடையாய் இருந்திருக்கும்.