சேவையா, சம்பாத்தியமா?

பிரசவம் பார்க்கும் தொழிலைக் கற்க முன்வரும் பெண்பிள்ளைகளிடம், "இதை ஏன் தேர்ந்தெடுத்தாய்?" என்று கேட்டால், ஒருத்தி சேவை என்பாள். ஒருத்தி நிலையான சம்பளம் என்பாள். தன் தாயின் பேறுகாலத்தில் மருத்துவச்சி துணை நின்றதைக் கண்டேன் என்பாள் இன்னொருத்தி. முதற்பதிலை மெச்சும் உலகம், சம்பளம் என்றதும் முகம் சுளிக்கிறது. இது நியாயந்தானா?

வியாபாரிகளாகிய நாம் இதை யோசிக்கவேண்டும். அரிசிக் கடைக்காரர் லாபத்துக்காகவே கடை திறக்கிறார். நிறுவையில் குறைக்காமல் கொடுத்தால் அவரை நாணயஸ்தர் என்கிறோம். கூலி வாங்குவதால் ஒரு காரியத்தின் நன்மை போய்விடாது. வாங்கிய கூலிக்கு உழைக்காதபோதுதான் போகிறது. மேலும், நடுச்சாமத்தில் வலியால் துடிக்கும் தாயின் கையைப் பிடித்து நிற்பவளைச் சம்பளம் மட்டும் நிறுத்திவைக்காது. ஆசையோடு வந்தவளுக்கும் அவசியத்தால் வந்தவளுக்கும் பொறுமையைக் கற்பிப்பது அந்த வேலையே.

அதன் பயனைப் பாருங்கள். மலாயாவில் 1950-ம் ஆண்டளவில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 500-க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 2019-ல் மலேசியாவில் அத்தொகை 30-க்கும் கீழே. மருந்தும், இரத்த தானமும், சாலைகளும் இதற்குக் காரணமே. ஆயினும் கம்பங்களுக்குச் சென்ற பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளின் பங்கு பெரிது. சிங்கப்பூர் கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில் 1966-ல் மட்டும் 39,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. நாளொன்றுக்கு நூறுக்கு மேல்! அத்தனையையும் டாக்டர்களே கையேந்தியிருக்க முடியுமா?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் மருத்துவத்தையும் கணக்கையும் பர்ளு கிபாயாவாகச் சொல்லியிருக்கிறார்கள். சிலர் கற்றால் ஊரின் கடமை தீரும். எவரும் கற்காவிட்டால் ஊர் முழுவதும் பொறுப்பாளி. கணக்கை நம்மவர் நன்றாகவே கற்றோம். மற்றது?

நம்மில் சிலர், மனைவிக்குப் பெண்ணே பிரசவம் பார்க்கவேண்டுமென வற்புறுத்துகிறார்கள். மகள் அதைப் படிக்க விரும்பினாலோ, "இராவேலை, இரத்தம், நமக்கெதற்கு?" என்று தடுக்கிறார்கள். இது அடுத்தவர் கடையில் என்றும் கடனுக்கு வாங்கி, பற்றைத் தீர்க்காதிருப்பதற்கு ஒப்பாகும். பிறர் மகள் கண்விழிக்க, நம் மகள் உறங்குவது எந்த நீதி?

இராவேலை பற்றித் தகப்பன் கவலைப்படுவது இயல்பே. துணைக்குப் போய் அழைத்துவந்தால் அக்கவலை தீரும். மகளின் நோக்கத்தை நிறுத்துப் பார்க்குமுன், நம் தராசைச் சரிபார்ப்போமாக!