முன்னைத் தொழிலும் பின்னைத் தொண்டும்



நம்மிற் பலர் பொறியியலாளராகவும் கணக்காளராகவும் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராகவும் இந்நாட்டிற் கால்நூற்றாண்டுக்கு மேலாக உழைத்துவிட்டோம். பிள்ளைகள் படித்து முடித்து வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். இவ்வேளையில் உள்ளே ஓர் ஆசை தலையெடுக்கிறது. ஒருவருக்குப் பண்ணோடு தேவாரம் பாடப் பழக வேண்டும், ஒருவருக்கு மிருதங்கம், இன்னொருவருக்கு ஊர்க்கோயில் வரலாற்றை எழுத வேண்டும். உடனே, "ஐம்பது வயதுக்குப் பிறகு இதெல்லாம் எதற்கு? சனம் சிரிக்கும்" என்று நாமே அதை அடக்கிவிடுகிறோம். "இயந்திரத்தோடும் இலக்கங்களோடும் வாழ்நாள் வீணாய்ப் போயிற்றே" என்று நொந்துகொள்வதும் உண்டு. இரண்டுக்கும் சேக்கிழார் பெருமானின் வரலாறு விடை தருகிறது.

தொண்டை நாட்டுக் குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார், 12ஆம் நூற்றாண்டில் அநபாய சோழனுக்கு முதலமைச்சராய் இருந்தவர். உத்தமசோழப் பல்லவராயன் என்ற பட்டமும் பெற்றவர். இறையும் எல்லையும் வழக்கும் வரவு செலவும் பார்ப்பது அவர் தொழில். அரசன் சீவக சிந்தாமணியில் ஈடுபட்டிருந்தபோது, அடியார் வரலாறுகளின் பெருமையை அவர் எடுத்துரைத்தார். அவற்றை விரித்துப் பாடும்படி அரசனே வேண்டிக்கொள்ள, அவர் தில்லைக்குப் போனார் என்று உமாபதி சிவாசாரியாரின் சேக்கிழார் புராணம் கூறுகிறது.

அங்கே நடந்ததை நாம் சிந்திக்க வேண்டும். நாட்டுக்கே கட்டளையிட்ட அமைச்சர், அம்பலவாணர் சந்நிதியிலே ஒரு சொல்லுக்காகக் கைகூப்பி நின்றார். முதற்சொல்லை இறைவனே எடுத்துக் கொடுத்தான் என்பது மரபு. பதவியில் எவ்வளவு உயர்ந்தவரும் புதியதொன்றைத் தொடங்கும்போது மாணவராகவே நிற்க வேண்டும். நம் பிள்ளையின் வயதுடைய ஆசிரியர் முன்னே சப்பாணி கட்டி அமர்ந்து "ச ரி க ம" சொல்ல வெட்கப்படுகிறோமே, அந்த வெட்கந்தான் நமக்குப் பெருந்தடை, வயது அன்று.

அப்படியானால் அமைச்சராய் இருந்த காலம் வீணா? பெரியபுராணத்தை ஊன்றிப் படித்தால் அவ்வாறு சொல்லமாட்டோம். அடியார் ஒவ்வொருவரின் நாடு, ஊர், குலம், தொழில் என்று ஒழுங்காகச் சொல்லிச் செல்கிறார் சேக்கிழார். வயலையும் நீரையும் ஊரையும் கணக்கோடு அறிந்த கண் அது. அறுபத்து மூன்று தனியடியார், ஒன்பது தொகையடியார் வரலாறுகளை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் ஒரே கட்டுக்கோப்பாக நிறுத்தியது, ஆட்சியை நடத்திப் பழகிய அறிவு.

அவர் பாடிய அடியார்களைப் பாருங்கள். திருநீலகண்டர் மட்கலம் வனைந்தார். நேசர் துணி நெய்தார். அதிபத்தர் கடலில் வலை வீசினார். தொழிலே அவர்களுக்குத் தொண்டுக்கு வழியாயிற்று.

நம் காலத்திலும் சான்று உண்டு. கொக்குவிலிற் பிறந்த எழுத்தாளர் அ. முத்துலிங்கம் 1964இல் 'அக்கா' என்ற சிறுகதைத் தொகுதியை வெளியிட்டார். பின் கணக்காளராகப் பல நாடுகளிற் பணியாற்றினார். அடுத்த தொகுதி 1995இல், ஐம்பத்தைந்து வயது கடந்த பிறகே வந்தது. அதன் பெயர் 'திகடசக்கரம்'. நம் கோயில்களிற் கந்தபுராணப் படிப்புத் தொடங்கும்போது முதலிற் கேட்கும் சொல் அது. கச்சியப்பருக்கு முருகப் பெருமானே எடுத்துக் கொடுத்ததாகச் சொல்லப்படுவதும் அதுவே. இடையிற் கடந்த முப்பது ஆண்டுகள் வீணாகவில்லை. அவர் பார்த்த நாடுகளும் மனிதரும் கதைகளாயினர்.

ஆதலால் வரைபடம் கீறிப் பழகிய கை, நம் ஊர்க் கோபுரத்தை நினைவிலிருந்து கீறட்டும். கணக்கு எழுதிய கை, தேர்த் திருவிழா உபயகாரர் யார் யார், எந்தக் கூட்டம் எந்த வீதியில் மேளச்சமா வைத்தது என்று எழுதட்டும். அக்கோயில்களிற் சில போரில் இடிந்தன. சில ஊர்களிலே பழைய சனம் இன்று இல்லை. அவற்றைக் கண்ணாற் கண்ட தலைமுறை நாம். நாம் எழுதாமற் போனால் நம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல வேறு ஆளில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை பூசை முடிந்து தீபம் கண்டதும், வேண்டுதல்களோடு இதையும் சேர்த்துக்கொள்வோம்: "பெருமானே, முதற்சொல்லை எடுத்துத் தா." வீடு திரும்பியதும் கொப்பியைத் திறப்போம். மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான்.

திருச்சிற்றம்பலம்.