ஒப்பி, மறுத்து, வாய் திறவாமல்

வழக்காடும் இருவர் இணங்கிப்போவதை மூன்று வகையாகப் பிரித்த சட்டநூல் ஒன்று ஜொகூரில் இருந்தது. உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மெஜல்லே'யை மலாய்மொழிக்குக் கொண்டுவந்து, 'மஜாலா அஹ்காம் ஜொகூர்' என்ற பெயரில் 1913-இல் வெளியிட்டார்கள். 'சுல்ஹ்' எனப்படும் இணக்கத்துக்கு அதில் ஒரு தனிப் பகுதியே உண்டு. பிரதிவாதி கடனை ஒப்பி இணங்குவது முதல் வகை. மறுத்துக்கொண்டே இணங்குவது இரண்டாவது. ஒப்பாமலும் மறுக்காமலும் வாய்மூடி இணங்குவது மூன்றாவது. மறுத்தோ மௌனமாகவோ இணங்கினால், கைமாறும் பணத்துக்கு இரண்டு பொருள் என்கிறது அந்நூல். வாங்குகிறவருக்கு அது தன் உரிமைக்கு ஈடு; கொடுக்கிறவருக்கோ சத்தியம் செய்வதிலிருந்தும் வழக்கின் தொல்லையிலிருந்தும் தப்புவதற்கான விலை.

அது சொத்து, கடன் வழக்குகளுக்கான பகுப்பு. குற்றவியல் வழக்கில் இப்படி இணங்கலாமா, இணங்கினால் அது நீதியாகுமா என்பது வேறு கேள்வி. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் பேரமும், நிபந்தனைகளை நிறைவேற்றும்வரை வழக்கைத் தள்ளிவைக்கும் ஒப்பந்தமும் உலகெங்கும் பெருகிவிட்ட இக்காலத்தில், ஜொகூரின் பழைய பகுப்பு அந்தக் கேள்விக்கு நல்ல கைவிளக்கு.

முதல் வகை மலேசியாவில் புதிதல்ல. குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்துக்கு ஒரு 'ரெப்ரசென்டேஷன்', அதாவது கோரிக்கைக் கடிதம், எழுதுவார். அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 39பி பிரிவில் கடத்தல் என்றிருக்கும் குற்றச்சாட்டு, 39ஏ(2)இல் வைத்திருத்தல் என்று இறங்கும். தூக்குக்கயிறு விலகி, குறைந்தது 5 ஆண்டுச் சிறையும் 10 பிரம்படியும் வரும். குற்றத்தை ஒப்புக்கொள்பவருக்கு நான்கில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோ தண்டனையைக் குறைப்பது பொது வழக்கம் என்று உச்ச நீதிமன்றமே 1980களில் பதிவு செய்திருக்கிறது. 2010-இல் திருத்தப்பட்டு 2012-இல் நடப்புக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 172சி, 172டி பிரிவுகள் இதற்கு வடிவம் கொடுத்தன. குற்றம் சாட்டப்பட்டவர் விண்ணப்பிக்க வேண்டும். அவர் தன் விருப்பத்தோடுதான் வந்தாரா என்று நீதிபதி மூடிய அறையில் கேட்டறிய வேண்டும். பேரம் ஏற்கப்பட்டால் அதிகபட்சத் தண்டனையில் பாதிக்கு மேல் விதிக்கலாகாது. பாலியல் குற்றங்களும் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு எதிரான குற்றங்களும் இந்தச் சலுகைக்கு வெளியே நிற்கின்றன.

'தன் விருப்பத்தோடு' என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. பிணைப்பணம் கட்ட வழியில்லாத லாரி ஓட்டுநர் ஒருவரை எண்ணிப்பார்க்கலாம். வழக்கு முடிய ஓராண்டு ஆகலாம். ஒப்புக்கொண்டால் எட்டு மாதத்தில் வீடு. குற்றம் செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும் அவர் போடும் கணக்கு ஒன்றுதான். பாதுகாப்புக் குற்றங்களுக்கான 2012-ஆம் ஆண்டின் சொஸ்மா சட்டத்தில் பொதுவாகப் பிணையே கிடையாது; அங்கே அந்தக் கணக்கு இன்னும் கொடியது. மூடிய அறையில் நீதிபதி கேட்கும்போது அவர் "என் விருப்பம்தான்" என்பார். பொய் சொன்னதாகவும் ஆகாது. ஆனால் அந்த ஒப்புதல் நடந்தது எது என்பதைச் சொல்லவில்லை, காத்திருப்பின் விலை எவ்வளவு என்பதைச் சொல்கிறது.

ஜெர்மானியத் தத்துவஞானி காண்ட் 1797-இல் எழுதிய அறநூலில் இதைத் தொட்டிருக்கிறார். மரண தண்டனைக் கைதி ஒருவன் ஆபத்தான மருத்துவச் சோதனைக்குத் தன் உடலைத் தந்தால் உயிரோடு விடலாமா? மருத்துவத்துக்கு ஆதாயம், கைதிக்கும் ஆதாயம். ஆயினும் நீதிமன்றம் இதை இகழ்ந்து ஒதுக்கும் என்கிறார் காண்ட். விலைக்குக் கிடைக்கும் நீதி, நீதியாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. வழக்குக் கட்டுகள் கூரை முட்டும் நீதிமன்றத்தில் உட்கார்ந்து அவர் இதை எழுதவில்லைதான்.

தமிழ் மரபில் இதே கேள்வி திருவாரூரில் எழுகிறது. சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் மனுநீதிச் சோழன் கதையில் எல்லாருக்கும் நினைவில் நிற்பவை ஆராய்ச்சி மணியும் தேர்க்காலும். இடையில் நடக்கும் விவாதம் நினைவில் நிற்பதில்லை. இளவரசனின் தேரில் சிக்கிக் கன்று இறந்ததும் அமைச்சர்கள் அரசனிடம் சொல்லும் யோசனை கொடுமையானதல்ல, மரபுக்குப் புறம்பானதும் அல்ல. பசுவைக் கொன்றதற்கு நூல்கள் கழுவாய் விதித்திருக்கின்றன, அதைச் செய்வித்தால் போதும் என்கிறார்கள். இன்றைய மொழியில் இது வழக்கை ஒத்திவைத்து, நிபந்தனையை நிறைவேற்றச் சொல்லும் யோசனையேதான். அரசன் இரண்டு காரணம் சொல்லி மறுக்கிறான். கன்றை இழந்து அலறும் தாய்ப்பசுவின் துயரை அந்தக் கழுவாய் தீர்க்குமா என்பது ஒன்று. என் நாட்டில் அயலான் ஒருவன் உயிர்க்கொலை செய்தால் அவனைக் கொல்வேன், என் மகனுக்கு மட்டும் கழுவாயா என்பது மற்றது.

கவனிக்க வேண்டியது, கழுவாய் என்பதே தவறு என்று அரசன் சொல்லவில்லை. யாருக்கு அந்தக் கதவு திறக்கிறது, யாருடைய துயர் கணக்கில் வருகிறது என்றுதான் கேட்கிறான். பிறகு அவன் செய்வதைப் பின்பற்ற எந்த நாகரிக நாடும் துணியாது. கதையிலேயே இறைவன் வந்து கன்றையும் இளவரசனையும் எழுப்பித்தான் ஆகவேண்டியிருந்தது. அரசனின் தீர்ப்பு வாழவில்லை என்றாலும் அவன் கேட்ட இரண்டு கேள்விகள் வாழ்கின்றன. இஸ்லாமிய மரபும் இதற்கு நெருங்கியே நிற்கிறது. தவ்பா, அதாவது பாவமன்னிப்பு வேண்டல், இறைவனுக்கும் அடியானுக்கும் இடையிலானது. பிற மனிதனின் உரிமையில் கைவைத்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்காமல் அது நிறைவேறாது.

அடுத்தது வழக்கு ஒத்திவைப்பு ஒப்பந்தம். இது பெரும்பாலும் நிறுவனங்களின் வசதிக்காக வளர்ந்தது. அமெரிக்காவில் 2002-இல் குற்றவாளி என்று தீர்க்கப்பட்ட ஆர்தர் ஆண்டர்சன் கணக்காய்வு நிறுவனம் சரிந்து பல்லாயிரம் பேர் வேலை இழந்தனர். 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியபோது காப்பாற்ற எதுவும் மிஞ்சவில்லை. அதன் பிறகு அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் இவ்வழியை அதிகம் நாடினர். பிரிட்டன் 2013-இல் சட்டமாக்கியது. ஜொகூர் பாலத்துக்கு அந்தப்பக்கம், சிங்கப்பூர் 2018-இல் சட்டமாக்கியது. இவ்விரு நாடுகளிலும் நிறுவனங்களுக்கு மட்டுமே இது கிடைக்கும், தனிமனிதனுக்கு இல்லை. ஒப்பந்தம் நீதியின் நலனுக்கு உகந்தது, நியாயமானது என்று நீதிபதி ஏற்றால்தான் செல்லும். பிரிட்டனில் குற்றத்தை முறைப்படி ஒப்புக்கொண்டாக வேண்டியதில்லை. நடந்தவற்றைச் சொல்லும் அறிக்கை போதும். மஜாலாவின் மூன்றாவது வகைக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

நிறுவனத்துக்குச் சிறை செல்ல உடலில்லை, வருந்த மனமுமில்லை. ஒப்பந்தம் அதனிடம் மனமாற்றத்தைக் கேட்பதில்லை. பணத்தையும் புதிய கண்காணிப்பு முறைகளையும்தான் கேட்கிறது. மனந்திருந்தியதாக நடிக்க வேண்டிய தேவை இல்லாததால் இது ஒருவகையில் நேர்மையான ஏற்பாடு.

மலேசியாவில் 2020-இல் நடந்தவற்றுக்கு அப்படியொரு சட்டம் பின்னால் இல்லை. அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியின் விவகாரத்தில் 2018 டிசம்பரில் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கி மீது தொடுத்த வழக்கு, 2020 ஜூலையில் 390 கோடி அமெரிக்க டாலர் மதிப்பில் உடன்பாடானது. அதில் 250 கோடி ரொக்கம். விசாரணை நடக்கவே இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் அவ்வங்கியின் மலேசியக் கிளை குற்றத்தை ஒப்புக்கொண்டது, தாய் நிறுவனமோ ஒத்திவைப்பு ஒப்பந்தம் செய்தது. ஒரே வீட்டில் மகள் ஒப்பினாள், தாய் தவணை வாங்கினாள். அதற்கு முன், அவ்வாண்டு மே மாதம், அதே விவகாரத்தில் 24.8 கோடி டாலர் தொடர்பான ஐந்து பணச்சலவைக் குற்றச்சாட்டுகளை மறுத்து நின்ற திரைப்படத் தயாரிப்பாளர் ரிசா அசிஸ், 10.73 கோடி டாலர் மதிப்புள்ள சொத்துகள் நாட்டுக்குத் திரும்பும் ஏற்பாட்டின்பேரில், குற்றமற்றவர் என்ற தீர்ப்பில்லாமல் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். இது மறுப்பின் மேல் நடந்த இணக்கம். மஜாலாவின் இரண்டாவது வகை.

இதற்கு வழி கூட்டரசு அரசமைப்பின் 145(3) பிரிவு. ஷரியா, பூர்வகுடி, இராணுவ நீதிமன்றங்களைத் தவிர மற்றவற்றில் வழக்கைத் தொடுப்பதும் நடத்துவதும் நிறுத்துவதும் சட்டத்துறைத் தலைவரின் விருப்புரிமை. ஒப்பந்தத்தின் விதிமுறைகள் நியாயமா என்று அளந்து பார்க்கும் பொறுப்பு, சிங்கப்பூர் நீதிபதிக்குத் தரப்பட்டதுபோல், இங்குள்ள நீதிபதிக்குத் தரப்படவில்லை. ஊழல் தடுப்பு ஆணையம் ஒத்திவைப்பு ஒப்பந்தச் சட்டம் வேண்டுமென்று பின்னர் வலியுறுத்தியபோது, இழந்த பணத்தை விரைவில் மீட்கலாம் என்பதே முன்னால் வைக்கப்பட்ட நியாயம். பணம் மீள்வது சிறிய காரியமல்ல. ஆனால் அது அரசனின் இரண்டு கேள்விகளில் எதற்கும் விடையல்ல.

முதல் கேள்வியை ஜொகூரின் பாசிர் கூடாங் இன்னும் கூர்மையாக்குகிறது. 2019 மார்ச் 7-ஆம் தேதி கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டதில் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன.  இத்தகைய குற்றத்தில் நாளை ஒரு நிறுவனம் ஒப்பந்தம் கேட்டால், மேசைக்கு எதிரே யார் உட்காருவார்? மஜாலாவின் இணக்கத்தில் எதிரே இருப்பவர் உரிமைக்காரர். வேண்டாமென்று எழுந்துபோக அவரால் முடியும். குற்றவியல் பேரத்தில் அவருக்காக அரசு உட்காருகிறது. குற்றவாளி என்று முடிவான பிறகு, தண்டனைக்கு முன், பாதிக்கப்பட்டவர் கேட்டுக்கொண்டால் பேச குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 183ஏ பிரிவு இடம் கொடுக்கிறது. வழக்கே நிறுத்தப்படும்போது தண்டனை என்ற கட்டம் வருவதில்லை. மூச்சுத்திணறிய பிள்ளையின் தாய்க்கு அந்தப் பிரிவின்படி பேசும் முறையும் வருவதில்லை.