கரையில் ஏழு மணி நேரம்

ரிட்டயர் ஆன தம்பதிகள் கப்பலில் ஊர் சுற்றுவது தாம்பரம் பக்கத்திலும் இப்போது சகஜமாகிவிட்டது. எங்கள் சேலையூர் தெருவிலேயே ஒரு ஜோடி, கிரேக்கத் தீவான சாண்டோரினியில் ஒரு பகல் இறங்கிவிட்டு வந்து, வெள்ளை வீடும் நீலக் கூரையுமாக முன்னூறு படம் காட்டினார்கள். எங்கள் கைக்கு அவ்வளவு தூரம் எட்டாது. 2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் விட ஆரம்பித்தார்கள். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. நானும் மனைவியும் அந்த வருடமே ஏறிவிட்டோம்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது தெருக்கோடி அக்கா வந்தார். மாவிட்டபுரத்துக்காரர். 1990-இல் போர் மூண்டு வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டு ஓடியபோது கிளம்பியவர். படகில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம், அப்புறம் தாம்பரம். விட்டு வந்த பகுதியின் பெரும்பாகம் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. துண்டு துண்டாகத்தான் பிறகு விடுவித்தார்கள்.

"வீட்டைப் பாக்க வேண்டாம் தம்பி, அது இருக்காது. கோயிலுக்குப் பின்னால நாலாவது வளவு. கிணறு இருக்கோ, தண்ணி இருக்கோ எண்டு மட்டும் பாருங்கோ. படம் ஒண்டும் எடுக்க வேண்டாம். வந்து வாயால சொல்லுங்கோ, போதும்."

"நீங்களே ஒருமுறை போயிட்டு வரலாமேக்கா?" என்றாள் என் மனைவி.

"போனா திரும்பி வரேலாது பிள்ளை. பேரப்பிள்ளையள் எல்லாம் இஞ்சதானே."

முப்பத்து மூன்று வருடம் இங்கே வாழ்ந்தும் அவர் இந்தியக் குடிமகள் இல்லை. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது. அவர் பிறந்த மண்ணில் அவரால் கால் வைக்க முடியாது. பொழுது போகாத நான் வைக்கலாம். அன்றைக்கு இது எனக்கு உறைக்கவில்லை. "இதென்ன பெரிய வேலையா" என்று தலையாட்டினேன்.

காங்கேசன்துறையில் காலை ஒன்பது மணிக்கு இறங்கினோம். மாலை நாலுக்குள் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும். பேருந்து முதலில் கீரிமலைக் கேணிக்குப் போனது. வழியில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில். பத்து நிமிடம் நிறுத்த முடியுமா என்று கேட்டேன். "திரும்பும்போது பாக்கலாம் ஐயா" என்றார் வழிகாட்டி. பிறகு நல்லூர். பிறகு யாழ்ப்பாணம் பொது நூலகம். 1981-இல் எரித்தார்கள், ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின என்று ஒப்பித்தார். அதற்கு இருபது நிமிடம். அடுத்து ஐஸ்கிரீம் கடை. அங்கே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நன்றாகவே இருந்தது, இரண்டாவது கப்பும் வாங்கினேன்.

மூன்றே காலுக்குக் கோயிலைத் தாண்டினோம். பேருந்து நிற்கவில்லை. நான் நிறுத்தச் சொல்லவும் இல்லை. எழுந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் நிறுத்தியிருப்பார்கள். நாற்பது பேர் முகம் சுளிப்பார்களே என்ற கூச்சம்தான். கோபுரம் ஜன்னலில் வந்தது, போனது.

அன்றிரவு மேல்தளத்தில் நின்றிருந்தபோது மனைவி சொன்னாள்: "கிணறு இருக்கு, தண்ணி இருக்குன்னு சொல்லிடலாங்க. பாவம், சந்தோஷப்படுவாங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

லேசில் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை அது. குற்றமில்லாத நன்மையைத் தருமென்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கலாம் என்கிறார் வள்ளுவர். ஜெர்மானியத் தத்துவவாதி காண்ட் அதற்கு நேர் எதிர். நண்பனைக் கொல்லத் தேடி வருகிறவன் வாசலில் நின்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797-இல் எழுதினார். காண்ட் சொல்வது மனிதனால் ஆகிற காரியமாக எனக்குப் படவில்லை. நான் வள்ளுவர் கட்சி. ஆனால் வள்ளுவரின் நிபந்தனையைத்தான் திரும்பத் திரும்ப யோசித்தேன். குற்றமில்லாத நன்மை. இந்தப் பொய்யால் முதல் நன்மை யாருக்கு? அக்காவுக்கு ஒரு நிமிடச் சந்தோஷம். எனக்கோ ஆயுள் முழுக்க நிம்மதி. கேட்டார், பார்த்தேன், சொன்னேன், கணக்கு முடிந்தது. அவருக்கு ஆறுதல் தருவதாகச் சொல்லி என் சோம்பலை நான் மூடிக்கொள்கிறேன். அதோடு, அவர் மனதுக்குள் இருக்கும் கிணற்றின் மீது, பார்க்காத ஒரு கிணற்றை நான் கட்டிவைக்கிறேன். அதற்கு எனக்கு என்ன உரிமை? படம் வேண்டாம், வாயால் சொன்னால் போதும் என்றவர் என் வார்த்தையை அல்லவா நம்பி அனுப்பினார்?

ஊர் திரும்பியதும் இருவரும் போய் உள்ளதைச் சொன்னோம். ஐஸ்கிரீம் வரைக்கும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"கோபுரம் தெரிஞ்சுதோ?"

"தெரிஞ்சுதுக்கா."

"அதுக்குப் பின்னாலதான்" என்றார். பிறகு எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்தார்.

உண்மையைச் சொல்லிவிட்டதால் மனம் லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. அப்படி ஆகக் கூடாது என்றுதான் இப்போது தோன்றுகிறது. பொய் சொல்லியிருந்தால் கடன் அடைந்த மாதிரி ஆகியிருக்கும். உண்மையைச் சொன்னதால் அது அப்படியே நிற்கிறது. சாண்டோரினியில் கப்பலிலிருந்து இறங்கும் பயணியிடம் 2025-லிருந்து, கூட்டம் மிகுந்த கோடை மாதங்களில், 20 யூரோ வரி வாங்குகிறார்கள். ஒரு பகல் ஓர் ஊரைப் பார்த்துவிட்டுப் போவதால் அந்த ஊருக்கு நாம் ஏதோ கடன்படுகிறோம் என்பதை அவர்களாவது ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அது துறைமுகத்திலேயே கட்டித் தீர்த்துவிடுகிற கடன்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. நாலு மணி நேரப் பயணம். சொகுசு, விருந்து எதுவும் கிடையாது. போய் இறங்கி, ஓர் ஆட்டோ பிடித்து, கோயிலுக்குப் பின்னால் நாலாவது வளவில் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். அக்கா அதற்குப் பிறகு ஒருமுறைகூடக் கேட்டதில்லை. வழியில் பார்த்தால் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார்.

நான் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை.