தடையில்லை என்றால் கடனுமில்லையா?

ஒரு வீரன் ஆடுகளத்தில் எடுத்த புள்ளிகள் யாருக்குச் சொந்தம்? அவனுக்கா, ஊருக்கா?

அமெரிக்காவில் 'கற்பனை அணி' என்றொரு விளையாட்டு உண்டு. உண்மையான வீரர்களைத் தெரிந்து நீங்கள் ஓர் அணியை அமைக்கலாம். அவர்கள் களத்தில் பெறும் புள்ளிகளே உங்கள் அணியின் வெற்றியைத் தீர்மானிக்கும். இதை நடத்தும் நிறுவனங்கள் கட்டணம் வாங்குகின்றன.

பேஸ்போல் வீரர்களின் பெயரை அனுமதியின்றிப் பாவிக்கலாமா என்று எழுந்த வழக்கில், 2007இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 'பாவிக்கலாம்' என்றது. அவை ஏற்கெனவே எல்லோரும் அறிந்த செய்திகள். வீரர்களோ நல்ல ஊதியம் பெறுபவர்கள் என்று காரணமும் காட்டியது.

இத்தீர்ப்பில் நியாயம் உண்டு. நேற்று வென்றவர் யார் என்று சொல்லவும் காசு கட்ட வேண்டுமானால், பத்திரிகைகள் வாய்மூட வேண்டியதுதான்.

ஆனால் 2018இல் இந்தியானா மாநில உயர் நீதிமன்றத்தின் முன் வந்த கேள்வி, சம்பளமின்றி விளையாடிய கல்லூரி வீரர்களைப் பற்றியது. அங்கும் விடை அதுவே: செய்தி மதிப்புள்ள விபரங்களுக்கு அனுமதி தேவையில்லை. ஊதியம் என்ற காரணம் இங்கே இல்லை. வியர்வை சிந்தியவன் வெறுங்கையோடு நிற்க, அவன் பெயரால் பிறர் பணம் பெற்றனர்.

செய்தி எல்லோருக்கும் உரியதே. ஆயினும், சட்டம் தடுக்கவில்லை என்பதற்காக, உழைத்தவனுக்கு நாம் கடன்பட்டிருக்கவில்லை என்று சொல்லிவிட முடியுமா? சிந்தித்துப் பாருங்கள்.