சாவி யாரிடம்?

சூத்திரன் வேதத்தைக் கேட்டால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று தர்மசூத்திரம் எழுதிவைத்த நாடு இது. குளத்தைத் திற, கோயிலைத் திற, ஏட்டைத் திற என்பதே நம் அரசியலானது. ஆகவே ஒரு ஆவணத்தைப் பூட்டி வைப்பது சரி என்று யாராவது சொன்னால் நமக்குச் சுருக்கென்கிறது. எனக்கும்தான். ஆனால் ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஓவியர்கள் விஷயத்தில் நான் பூட்டின் பக்கம் நிற்கிறேன்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே பாப்புன்யா என்றொரு குடியிருப்பு. பின்டுபி, வார்ல்பிரி, லூரிட்ஜா என்று பல மொழி பேசும் பாலைவன மக்களை வெள்ளை அரசு ஒண்ணா கொண்டுவந்து அடைச்ச இடம். மண்ணிலும் உடம்பிலும் காலங்காலமாகத் தீட்டிவந்ததை 1971இல் அங்கிருந்த பெரியவர்கள் சிலர் கிடைத்த பலகைத் துண்டுகளில் வரைந்தார்கள். சடங்கு முடித்த ஆண்கள் மட்டுமே பார்க்க வேண்டியவையும் அவற்றில் இருந்தன. படங்கள் விலைபோயின, காட்சிக்கும் போயின. இதை எப்படி வெளியே காட்டலாம் என்று மற்ற பூர்வகுடி மக்களே சண்டைக்கு வந்தார்கள். பிறகு ஓவியர்கள் அந்த உருவங்களைக் குறைத்தார்கள், புள்ளிகளை நெருக்கிவைத்து மறைத்தார்கள். இன்று உலகமே புள்ளி ஓவியம் என்று சுவரில் மாட்டிக்கொள்கிறதே, அந்தப் புள்ளிகளில் ஒரு பங்கு திரை. (வாங்கினவனுக்குத் தெரியுமோ என்னவோ!)

அந்த முதல் பலகைகளில் இருநூறுக்கு மேல் டார்வின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2017இல் அவற்றைக் காட்சிக்கு வைக்குமுன், மிச்சமிருந்த ஓவியர்களோடும் இறந்தவர்களின் வாரிசுகளோடும் அருங்காட்சியகம் உட்கார்ந்து பேசியது. எதைக் காட்டலாம், எதைக் கூடாது என்று அவர்கள் சொன்னார்கள். சில பலகைகள் கிடங்கிலேயே தங்கிவிட்டன. கூட்டுவேலை என்றால் இதுதான். பறையடிக்கிறவரைக் கூப்பிட்டு, நாடாவில் பிடித்துக்கொண்டு, சாப்பாடு போட்டு அனுப்புவதற்கும் இங்கே அதே பேர்தான் வைக்கிறார்கள்.

அப்ப பார்ப்பனப் பூட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு தோழர்கள் கேட்பார்கள். கேக்கணும். மறைத்த ஏட்டைக் காட்டித்தான் பார்ப்பனர் நம்மைத் தண்டித்தார்கள். பாப்புன்யா பெரியவர்களின் ரகசியம் எந்த வெள்ளைக்காரன் தலையிலும் சட்டமாக இறங்கவில்லை. நிலம் போய், பிள்ளைகளையும் பறித்துக்கொண்டு போன நாட்டில் அவர்கள் கையில் மிஞ்சியது அது.

ஒரு முள் மட்டும் உறுத்துகிறது. அந்தப் பலகைகளை அவர்கள் வீட்டுப் பெண்களும் பார்க்கக் கூடாது. பெண்களுக்கும் ஆண்கள் நெருங்காத சடங்குகள் உண்டுதான். இருந்தாலும், அது அவங்க வழக்கம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு வாய் வரவில்லை. சேரியில் நம் பெண்களுக்கு மறுத்ததையெல்லாம் வழக்கம் என்றுதானே சொன்னோம். அங்கே ஒரு பெண் வந்து கேட்டால் அவள் பக்கம் நிற்பேன். அவளைச் சாக்கு வைத்து அருங்காட்சியகம் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்கு மட்டும் ஒத்துக்க மாட்டேன்.