வாளித் தண்ணீர்

திருவேட்டக்குடி. காலை பத்து மணி இருக்கும்.

கடல் கேட்கிறது. தெரியவில்லை.

*

கடலுக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி. இந்தக் கரையில் அந்தத் தேதியை யாரும் யாருக்கும் நினைவூட்டுவதில்லை.

பிள்ளை கடற்பக்கம் ஓடினால் நாலு வீட்டிலிருந்து குரல் எழுகிறது.

கிணற்றடிப் பக்கம் நடந்தால் ஒரு குரலும் இல்லை.

*

கிணற்றடியில் வாளி. பாதி தண்ணீர். அதில் ஒரு துண்டு வானம்.

ஒரு வயதுப் பிள்ளைக்கு உடம்பில் தலைதான் கனம். எட்டிப் பார்க்கிறது. கால் தரையை விடுகிறது. ஊன்றி எழக் கையில் வலு இல்லை. கூப்பிட மூச்சு இல்லை. சில அங்குலத் தண்ணீர் போதும்.

துணி காயப்போடும் நேரம்கூட ஆவதில்லை.

*

கொலுசு. முத்து வைத்தது.

அழகுக்குத்தான் என்கிறார்கள். இருக்கட்டும். தாயின் கை மீன் ஆய்ந்துகொண்டிருக்கிறது. காது பிள்ளையின் காலோடு போய்க்கொண்டிருக்கிறது. திண்ணை. நடை. கொல்லை.

நிற்கிறது.

கத்தியை வைத்துவிட்டு எழுகிறாள். பிள்ளை குந்தியிருந்து எறும்பு பார்க்கிறது.

*

அமைதி வேண்டித்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளை இருக்கும் வீட்டில் அமைதி வந்தால் எழுந்து ஓடுகிறார்கள்.

*

ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகிறது. அதுவரை வாய்க்கால், மண் அளையும் இடம்.

ஒரு காலையில் நிறைந்திருக்கிறது.

பிள்ளையின் காலுக்கு அது நேற்றைய வாய்க்கால்தான்.

*

மூடி.

மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டி. 2019 அக்டோபர் 25. கைவிட்ட ஆழ்துளைக் கிணறு. உள்ளே விழுந்த பிள்ளைக்கு இரண்டு வயது. தீபாவளி வந்து போகிறது. ஊர் ஊராகத் தொலைக்காட்சிமுன் தூங்காத வீடுகள். 29ஆம் தேதி, உடல்.

பயன்படாத கிணறுகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் வழிமுறை தந்தது 2010இல்.

ஒரு மூடியின் விலையை நினைக்கிறேன். நினைப்பை விடுகிறேன். திரும்ப வருகிறது.

*

அலமாரியின் கீழ்த்தட்டில் குளிர்பான பாட்டில். உள்ளே மண்ணெண்ணெய். பெரியவர்களுக்குத் தெரியும். பிள்ளைக்கு அது கலர்.

குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மேலே வரும்போது நுரையீரலுக்குள் போகிறது. அப்படியே ஆஸ்பத்திரிக்கு.

பாட்டில் மேல்தட்டுக்குப் போகிறது.

*

“பாத்துக்கிட்டு இருக்கக் கூடாதா?”

துக்க வீட்டில் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். தாய் பதில் சொல்வதில்லை.

மூச்சைக் கவனிக்க உட்காருகிறேன். வேறு வேலை இல்லை, அடுப்பு இல்லை. சில மூச்சுக்குள் மனம் எங்கேயோ.

அவள் விடிந்ததிலிருந்து கவனித்துக்கொண்டிருக்கிறாள்.

*

வாளி கவிழ்ந்திருக்கிறது. அதை யாரும் கவனிக்க வேண்டியதில்லை.

*

மாசி மகம். ஊர்ச் சாமி திருமேனியழகர் கடலாட வருகிறார். பிள்ளைகள் தோள்மேல். அன்று ஒரு பிள்ளைக்கு எத்தனையோ கைகள்.

மறுநாள் மகம் இல்லை.

*

2021இல் உலகில் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். ஏறத்தாழ நாலில் ஒருவர் ஐந்து வயது ஆகாதவர்.

எண் பெரிதாக ஆக முகம் தெரிவதில்லை.

*

வங்கதேசத்துக் கிராமங்களில் குளம் வாசலிலேயே இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் மூழ்குவது பெரும்பாலும் முற்பகலில் என்று அங்கே கண்டுகொண்டார்கள். தாய்க்கு வேலை நெருக்கும் நேரம். ஆகவே அந்த நேரத்துக்கு மட்டும் ஓர் ஏற்பாடு. ‘ஆஞ்சல்’ என்கிறார்கள். ஊர்ப் பெண் ஒருத்தி, ஒரு வயது தாண்டிய பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொள்கிறாள். ஒன்பதிலிருந்து ஒன்றுவரை. பாட்டு, கதை, விளையாட்டு. சாவு பெருமளவு குறைந்திருக்கிறது.

பெரிய கருவி ஒன்றும் இல்லை. ஒரு பெண், ஓர் அறை, நாலு மணி நேரம்.

*

இங்கே அங்கன்வாடி இருக்கிறது. பாட்டும் கதையும் மூன்று வயதிலிருந்து.

நடை பழகுவது ஒரு வயதில்.

நடுவில் உள்ள முற்பகல்களுக்குப் பக்கத்து வீட்டுக் கிழவி. கண் மங்கல். காது நன்றாகக் கேட்கிறது.

இப்போதைக்கு அவள்தான்.